தனிப்பட்ட கருத்துக்காக

மார்த்தாளின் விரல்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். காலையில் அரிசி களைந்த ஈரம், பிற்பகலில் கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்ட ஈரம், மாலையில் மாவு அள்ளிக் கொடுத்த ஈரம். ஈர விரலுக்குக் கைப்பேசி மசியாது. அதனால் அவள் அதனிடம் பேசுவாள். சமையலறை ஜன்னல் திட்டில் எண்ணெய்ப் பாட்டில்மேல் அதைச் சாய்த்து வைத்திருப்பாள். ஒரு விரலை மட்டும் முந்தானையில் துடைத்து மைக் படத்தைத் தொட்டுவிட்டு, "டீச்சரம்மா ரெண்டு கிலோ, தோசைக்கு. மாடி வூட்டம்மா ஒரு கிலோ, புளிச்சது வேணாம்" என்பாள். எழுத்துகள் ஓடி வந்து வரிசையில் நிற்கும். மாலையில் அதைப் பார்த்துத்தான் மாவு அளப்பாள்.

பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். ஆனந்த்ராஜைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தபோது அவன் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான். "இப்ப காண்ட்ராக்ட்தான், சீக்கிரம் பர்மனென்ட் ஆயிடும்" என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ஆகவில்லை. டிப்பரிலிருந்து ஷிஃப்ட் வண்டிக்கு மாறினான். ஒரு ஒப்பந்தக்காரரின் வேன். நிலக்கரிச் சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்தின் பக்கத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிந்தவர்களை மேலே கொண்டுவர வேண்டும். டிப்பரில் மண்தான் இருக்கும், இதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் பெருமையாகச் சொல்வான்.

வீடு நகரியத்தின் வேலிக்கு வெளியே, கடைசி பிளாக்கை ஒட்டி இருந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் வேலியில் ஒரு கம்பி விலகிய இடத்தில் குனிந்து மாவுக்கு வருவார்கள். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் கொடியில் காயும் துணியை உதறித்தான் மடிக்க வேண்டும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். மகள் கடலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் படிப்பு முடிவதைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பிளாக்கும் வேலிக்கு வெளியே உள்ள வீடுகளும் சேர்ந்து ஒரு அன்பியம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, செபித்து, சுண்டல் தின்று கலைவார்கள். இதற்குத் தலைவர் சந்தியாகு, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். அவரவர் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதித் தட்டில் போடுவது முன்பு வழக்கம். மன்றாட்டு என்று அதற்குப் பெயர். சந்தியாகு ஒவ்வொரு சீட்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது யாரு கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரி" என்று திட்டிவிட்டு வாசிப்பார். எல்லோரும் ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே" என்று பதில் சொல்வார்கள்.

வெளியில் சொல்ல முடியாத வேண்டுதல் உள்ளவர்கள் "தனிப்பட்ட கருத்துக்காக" என்று மட்டும் எழுதுவார்கள். அது என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டதும் இல்லை. மார்த்தாள் ஆண்டுக்கணக்காக அப்படித்தான் எழுதினாள். புருஷன் பர்மனென்ட் ஆவதும், கரு தங்காமல் போனதும், மாமியாரோடு நடந்த சண்டையும் அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே போயின.

சீட்டை ஒழித்தது நித்யா. குவார்ட்டர்ஸில் இருப்பவள், மார்த்தாளைவிட இளையவள். கணவன் கிளமென்ட் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். ஆனந்த்ராஜின் வேனில்தான் இறங்குவான், முன்சீட்டில், அவன் பக்கத்தில். நித்யா போனில் ஒரு குறிப்பைத் தொடங்கி அன்பியத்தில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் பகிர்ந்தாள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தன் மன்றாட்டை அதில் சேர்க்கலாம். யாருடைய வரி என்று பெயர் வராது. ஞாயிறன்று எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர் போனைப் பார்த்து வாசிக்க வேண்டியது. "சீட்டுன்னா தொலைஞ்சு போகும், இது தொலையாது ஐயா" என்றாள். சந்தியாகு யோசித்துவிட்டு, "ஆண்டவருக்கும் லிங்க் அனுப்பிட்டியா?" என்றார்.

மார்த்தாளுக்கு அது வசதியாகவே இருந்தது. மாவுக் கணக்குக்கு ஒரு குறிப்பு, அதற்குக் கீழே மன்றாட்டுக்கு ஒரு குறிப்பு. இரண்டிலும் பேசினால் போதும்.

ஆனந்த்ராஜுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. வலது கண்ணில் முதலில் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது என்றான். பிறகு புகை என்றான். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். மார்த்தாள் வலது பக்கமாக டம்ளரை வைத்தால் கை தட்டிவிட்டது. ஒருநாள் வேனின் வலதுபுறக் கண்ணாடி உடைந்திருந்தது. டிப்பர்காரன் உரசிவிட்டான் என்றான். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். டாக்டர் விளக்கையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் பார்வை திரும்புவது கஷ்டம், இடது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆனந்த்ராஜ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். குள்ளஞ்சாவடி தாண்டிய பிறகு பேசினான்.

"பாப்பா படிப்பு முடியட்டும்."

"டாக்டரு சொன்னத கேட்டீங்கல்ல?"

"அந்த ரோடு எனக்குத் தெரியும் மார்த்தா. கண்ண மூடிக்கினுகூட ஓட்டுவேன்."

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது சம்மதம் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்கு மெடிக்கல், கண்ணையும் சோதிப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒரு பிற்பகல், கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் திட்டில் போன். தனிப்பட்ட கருத்துக்காக என்று சொல்லத்தான் மன்றாட்டுக் குறிப்பைத் திறந்தாள். ஆனால் வாய்க்கு வேறு வந்தது. ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடலாம், பிறகு அழித்துவிட்டு வழக்கமானதைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ஆண்டவரே, என் வூட்டுக்காரருக்கு வலது கண்ணு தெரியல. ஒத்தக் கண்ணுலதான் ஷிஃப்ட் வண்டி ஓட்டிக்கினு இருக்காரு. டாக்டரு ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. மெடிக்கல்ல கண்டுபிடிக்காம காப்பாத்தும். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

எழுத்துகள் வந்து நின்றன. அவள் சொன்னது அவ்வளவு சின்னதாக இருந்தது. வாசலில் மாவுக்கு ஆள் கூப்பிட்டது. போய் அள்ளிக் கொடுத்து, சில்லறை இல்லை என்று சொன்ன பெண்ணோடு நின்று பேசி, கை கழுவிவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் அழித்தாள். "தனிப்பட்ட கருத்துக்காக" என்று சொல்லிப் போனைத் திட்டில் கவிழ்த்து வைத்தாள்.

வாட்ஸ்அப்பில் அம்புக்குறியை அழுத்தினால்தான் செய்தி போகும். அழுத்தும்வரை எதை எழுதினாலும் அது நம்மிடம்தான் இருக்கும். இதிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். இதில் அம்புக்குறியே இல்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து நித்யா ஒரு கட்டு பொன்னாங்கண்ணிக் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டத்தில் நிறைய முளைத்துக் கிடக்கிறது என்றாள். மாவு வாங்காமலே போனாள். அடுத்த நாள் டீச்சரம்மா மாவுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தாள். "மார்க்கெட்ல நல்லா இருந்துச்சு, உங்களுக்கும் சேத்து வாங்கினேன்." அதுவும் பொன்னாங்கண்ணி. மறுநாள் சாயங்காலம் சந்தியாகு சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில் பாரில் தொங்கிய பையில் அதேதான்.

"பருப்பு போட்டுக் கடைஞ்சு கொடும்மா. நெய் ஒரு சொட்டு விட்டுக்க."

"எதுக்கு ஐயா?"

"எதுக்குன்னா? கீரை திங்கறதுக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அப்போதும் முழுசாக யோசிக்கவில்லை. கீரையைக் கடைந்து வைத்தாள். ஆனந்த்ராஜ் தட்டில் பார்த்துவிட்டு, "டெய்லி இதுவேவா?" என்றான். ஆனால் வழித்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னான்:

"கிளமென்ட்டு இப்ப நம்ம வண்டியில வர்றதில்ல."

"லீவா?"

"இல்ல. பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கிறான். முன்சீட்டு காலியா வருது."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தாள் குழாயை மூடினாள். பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் வேலியைக் குனிந்து தாண்டி நித்யாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கிளமென்ட் வீட்டில்தான் இருந்தான். லுங்கியோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தான்.

"நித்யா, அந்தக் குறிப்புல நான் அன்னைக்கு எழுதி அழிச்சேன். அதைப் பாத்தியா?"

நித்யா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அது எழுத எழுதவே எல்லாருக்கும் தெரியும்க்கா. அனுப்பறதுன்னு தனியா ஒண்ணும் இல்ல."

"எல்லாருக்குமா?"

"அந்த நேரத்துல தொறந்து வச்சிருந்தவங்களுக்கு. எத்தன பேருன்னு எனக்குத் தெரியல. யாரும் அதப் பத்திப் பேசல."

"கீரை கொடுத்தீங்களே."

நித்யாவுக்குக் கண் கலங்கியது. "நான் இவர்ட்ட மட்டும்தான் சொன்னேன். தினமும் அந்த வண்டியிலதானே போறாரு. சொல்லாம எப்படிக்கா இருப்பேன்?"

கிளமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணி, நான் யார்கிட்டயும் வாய தொறக்கல. அண்ணன் பொழப்புல மண்ணள்ளிப் போட எனக்கு இஷ்டமில்ல. வேற வண்டியில போறேன், அவ்வளவுதான்."

"நீ எறங்கிட்ட. பின்னாடி உட்கார்ந்துக்கினு போறாங்களே, அவங்களுக்குத் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கிளமென்ட் நிமிர்ந்தான்.

"என்னைய ஏன் அண்ணி கேக்கறீங்க?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். டிவியில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நித்யா "டீ போடறேன்க்கா" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வேலியைத் தாண்டும்போது கம்பி முதுகில் கீறியது.

அதன் பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டாலே அவள் வாசலுக்கு வந்தாள். வேனின் ஜன்னல்களில் தலைகள் தெரியும். ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். ஒருவன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்குவான். அவர்களில் பலரும் குழிக்குள் இறங்குகிற காண்ட்ராக்ட் ஆட்கள். வேறு ஊர், வேறு சாமி. மன்றாட்டுக் குறிப்பு அவர்களிடம் இல்லை. பொன்னாங்கண்ணி கொண்டுவந்து கொடுக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. முன்பெல்லாம் புருஷன் மட்டும் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது. இப்போது அந்தத் தலைகள் கண்ணில் நின்றன. ஒவ்வொரு நாளும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்வதென்றால் தான் எழுதியதையும் சொல்ல வேண்டும். மாவு அரைத்தாள், கணக்குச் சொன்னாள், மன்றாட்டுக் குறிப்பைத் தொடவே இல்லை.

அந்த ஞாயிறு கூட்டம் அவள் வீட்டில்.

தள்ளிவைக்க முடியாது. முறை வந்துவிட்டது. டீச்சரம்மா வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. மார்த்தாள் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தாள். எல்லோரும் வந்தார்கள், வழக்கமாக வராதவர்கள்கூட வந்தார்கள். கிளமென்ட் நித்யாவோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். ஆனந்த்ராஜுக்கு அன்று வார ஓய்வு. அவன் வாசல் நிலையில் சாய்ந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருப்பது அறை முழுக்கத் தெரிந்தது.

வாசகம் முடிந்து சந்தியாகு கொஞ்சம் பேசினார். பிறகு, "மன்றாட்டு. வூட்டுக்காரம்மா வாசிங்க" என்றார்.

மார்த்தாள் போனை எடுத்தாள். மற்றவர்களும் அவரவர் போனைத் திறந்துகொண்டார்கள். குறிப்பு வந்ததிலிருந்து எல்லோரும் திரையைப் பார்த்தே பின்தொடர்வது பழகிவிட்டது. அவள் வாசித்தாள். மழைக்காக. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. டீச்சரம்மாவின் முட்டி ஆபரேஷனுக்காக. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அடுத்தது அவளுடைய வரி.

"தனிப்பட்ட கருத்துக்காக" என்று வாசித்தாள்.

பதில் உடனே வந்தது, மற்ற வரிகளுக்கு வந்ததைவிட வேகமாக, அழுத்தமாக. அவளுக்குக் காது சுட்டது. அதுதான் கடைசி வரி. போனைக் கீழே வைக்கப் போனாள்.

வரிக்குக் கீழே ஓர் எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று. யாரோ மெதுவாக, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பாக ஒன்று வந்து, அழிந்து, மறுபடி வந்தது. அறையில் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. எல்லோருடைய திரையிலும் அதே எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. மார்த்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனந்த்ராஜ் தலையைத் திருப்பி, போனை இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தான். அவன் கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் அந்தக் குறிப்பைத் திறந்தே பார்த்ததில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கட்டைவிரல் நின்றது. அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

சந்தியாகு தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒண்ணு இருக்கும்மா. வாசி."

"ஷிஃப்ட் வண்டியில போறவங்களுக்காக" என்று மார்த்தாள் வாசித்தாள்.

பதில் வரச் சற்று நேரம் ஆனது. முதலில் சந்தியாகுவின் குரல் மட்டும் வந்தது. பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். ஆனந்த்ராஜும் சொன்னான். கிளமென்ட்டின் வாய் அசையவில்லை.

சுண்டலை எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கிளமென்ட் கடைசியாக நின்றான்.

"அண்ணே, நான்..."

"டீ குடிச்சியா?"

"குடிச்சேண்ணே."

"அப்ப கெளம்பு. நாற்காலிய அப்படியே டீச்சர் வூட்ல போட்டுட்டுப் போ."

கிளமென்ட் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனான்.

மார்த்தாள் பாயைச் சுருட்டினாள். ஆனந்த்ராஜ் நிலையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எப்ப பாத்தீங்க?"

"அன்னைக்கேதான். ஆளுங்களுக்காக வண்டிய நிறுத்திக்கினு உட்கார்ந்திருந்தேன். சும்மா தொறந்தேன். நீ பேசறது அப்படியே வந்துக்கினு இருந்துச்சு. அப்புறம் பூராவும் அழிஞ்சுது."

"ஏன் என்னைக் கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? எனக்காகத்தான வேண்டிக்கின."

அவள் பாயை மூலையில் நிறுத்தினாள். அது சரிந்தது. மறுபடி நிறுத்தினாள்.

"அதப் படிச்சிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்" என்றான். "எல்லாரும் ஏறினாங்க. எறங்கற ரோட்ல ஒரு டிப்பர் வலப்பக்கம் வந்துச்சு. தாண்டிப் போன அப்புறம்தான் வந்ததே தெரிஞ்சுது. பின்னாடி ஒருத்தன் பாட்டு பாடிக்கினு வந்தான். நிறுத்தவே இல்ல அவன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்."

பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். கொடுக்கவில்லை, விரலில் மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓனருக்கு நீ பேசு. எனக்கு வாய் வரல."

"இப்பவா?"

"இப்பவே பேசு. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. காலையில ஆயிடுச்சின்னா நான் எடுத்துருவேன்."

மார்த்தாள் விரலை முந்தானையில் துடைத்தாள். அன்று அது காய்ந்துதான் இருந்தது. ஒப்பந்தக்காரர் மூன்றாவது மணியில் எடுத்தார். அவள் முன்பு ஜன்னல் திட்டைப் பார்த்துச் சொன்னதையே மறுபடி சொன்னாள், கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டு.

"ஏம்மா, இத எப்ப வந்து சொல்ற?"

அவள் ஆனந்த்ராஜின் விரலில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"சரி. வேற டிரைவர அனுப்பறேன். சாவிய அவன்ட்ட கொடுத்துடச் சொல்லு. லைசென்ஸ் காப்பி எல்லாம் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கச் சொல்லு." பிறகு, வைப்பதற்கு முன்னால், "கண்ணப் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் போன் செய்யும்போது ஆனந்த்ராஜ், "ஷிஃப்ட்டு மாத்திட்டாங்கம்மா, இப்ப வூட்லதான் இருக்கேன்" என்கிறான். மார்த்தாள் கூடுதலாக அரிசி ஊறப்போடுகிறாள். மாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் சில குவார்ட்டர்ஸ் சேரும் என்று டீச்சரம்மா சொன்னாள். மாலையில் ஆனந்த்ராஜ் மாவுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு அவளோடு நடக்கிறான். அவள் அவனுக்கு வலது பக்கமாக வருகிறாள். யாரும் இப்போது கீரை கொண்டுவருவதில்லை.

ஒரு மாலை இருவரும் பிளாக்கின் திருப்பத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஷிஃப்ட் வண்டி வந்தது. வலது பக்கமாகத் தாண்டியது. புது டிரைவர். முன்சீட்டில் கிளமென்ட் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். ஆனந்த்ராஜ் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தான். தூக்கிய கை சிறிது தூரம் ஜன்னலில் அப்படியே இருந்தது. பிறகு உள்ளே போனது. மார்த்தாள் பார்த்தாள். அவளும் கையைத் தூக்கவில்லை.

"நம்ம வண்டியா?" என்றான் ஆனந்த்ராஜ்.

"ஆமா."

"இந்த எடத்துல மூணாவது கியர் போடணும். ரெண்டுலயே இழுத்துக்கினு போறான்."

சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் நின்று கேட்டான். அவள் தூக்கு ஒன்றை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.